கிரான்வால் போஸ்ட்மாஸ்டர்

வட டகோட்டாவின் கிரான்வால் ஊரில், எங்கள் விவசாயக் கல்லூரியின் கணினி மையத்தில் ஆர்லிஸ் ஹோவ்லண்டுக்கு எழுத்தில் கொடுத்திருந்த வேலை, புதிதாக வருகிறவர்களுக்குக் கடவுச்சொல் எழுதிய சீட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. அதற்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம் போதும். மீதி நேரத்தில் அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நானும் அவளும் 1966-ல் ஒரே வாரத்தில் அட்டை துளையிடும் அறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு இயந்திரங்கள், காதை அடைக்கும் சத்தம். பேராசிரியர்கள் கோழி கிளறிய மாதிரி எழுதிக் கொடுக்கும் எண்களை, கணினி படிப்பதற்காக நாங்கள் அட்டையில் துளைகளாகக் குத்துவோம். ஆர்லிஸ் குத்திய அட்டையில் பிழை இருந்து நான் பார்த்ததில்லை. இருந்தால் அது பேராசிரியரின் பிழை. அதையும் அவளே கண்டுபிடித்து, மாடியேறிப் போய், "இந்த மாடு நாலாயிரம் பவுண்டு எடை இருக்காதுங்க, ஒரு சைபர் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வருவாள். உயர்நிலைப் பள்ளிக்கு மேல் அவள் படிக்கவில்லை. கணவன் ஓரின் ஊருக்கு வடக்கே சர்க்கரை காய்ச்சும் பீட் கிழங்கு பயிரிடுகிறவன்.

1983-ல் துளையிடும் அறையை மூடிவிட்டார்கள். என்னைக் காந்த நாடாக் கிடங்குக்கு அனுப்பினார்கள். ஆர்லிஸைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். கூடவே யாருக்கும் வேண்டாத இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்தது. வலையமைப்பில் சேர்ந்த எந்தக் கணினியிலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெயரில் ஓர் அஞ்சல் பெட்டி இருக்க வேண்டும் என்பது விதி. போய்ச் சேராமல் திரும்பிய மின்னஞ்சல்களின் விவரம் அங்கேதான் வந்து குவியும். எங்கள் புரோகிராமர்கள் யாரும் அதைத் திறப்பதே இல்லை.

"வாரம் ஒருதடவை எல்லாத்தையும் அழிச்சிடுங்க ஆர்லிஸ். அவ்வளவுதான் வேலை" என்றார்கள்.

முதல் நாளே அவள் இருநூற்றுச் சொச்சத்தையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு என் கிடங்குக்கு வந்தாள்.

"வெர்னா, இங்க பாரு. நம்ம பூச்சியியல்காரர் ஒரே ஆளுக்கு நாலு தடவை எழுதியிருக்காரு. நாலும் திரும்பியாச்சு. அந்தாளு வேணும்னே பதில் போடலன்னு இவரு மனசுக்குள்ள கருவிக்கிட்டு இருப்பாரு."

"உனக்கென்ன வந்துச்சு அதுல?"

"பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சுடி. ஒரே ஒரு எழுத்து!"

அந்த எழுத்தைச் சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னாள். மறுநாள் பதில் வந்துவிட்டது. பூச்சியியல்காரர் கவுண்டருக்கே வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். அன்று தொடங்கியது.

இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். ஓர் ஆளின் மின்னஞ்சல் முகவரியைத் தேடித் தரும் புத்தகமோ இயந்திரமோ அப்போது கிடையாது. வலையமைப்பே ஒன்றல்ல, நாலைந்து. ஒன்றுக்கொன்று அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் போக வேண்டுமானால், வழியில் எந்தெந்த இயந்திரம் அதைக் கைமாற்றிவிட வேண்டும் என்று நாமே வரிசையாக எழுத வேண்டும். பெயருக்கும் பெயருக்கும் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. நடுவில் ஓர் இயந்திரம் படுத்துக்கொண்டால் கடிதமும் அங்கேயே படுத்துக்கொள்ளும். ஆள் இருக்கும் ஊர் தெரிந்தாலும் முகவரி தெரியாது. முகவரி தெரிந்தாலும் வழி தெரியாது.

ஆர்லிஸ் கண்டுகொண்ட வழி எளிமையானது. எந்த ஊர் இயந்திரமானாலும் போஸ்ட்மாஸ்டர் என்று எழுதினால் அது ஒரு மனிதரிடம் போய்ச் சேரும். அந்த மனிதரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும். முதல் வரியில் எங்கள் ஊர்ப் பனியைப் பற்றிச் சொல்லுவாள். இரண்டாவது வரியில் யாரைத் தேடுகிறாள் என்பது. மூன்றாவது வரியில் நன்றி. டொரன்டோ, மெல்போர்ன், சூரிக் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் பதில் போட்டார்கள், தங்கள் ஊர் மழையைப் பற்றியும் ஒரு வரி சேர்த்து. எல்லாவற்றையும் அட்டையில் எழுதிச் சமையல் குறிப்பு வைக்கும் தகரப் பெட்டியில் போட்டு வைத்தாள். பெட்டியிலிருந்த பிரிவுத் தாள்களைக்கூட அவள் மாற்றவில்லை. அமெரிக்கா 'சூப்' பிரிவில் இருந்தது. ஐரோப்பா முழுக்க 'கேக்' பிரிவில். ஐந்தே வருடத்தில் பெட்டி மூன்றானது. கல்லூரியில் யாருக்கு எவர் முகவரி வேண்டுமானாலும், "கவுண்டருக்குப் போ, ஆர்லிஸைக் கேள்" என்பதே வழக்கமாகிவிட்டது.

1988 இலையுதிர்காலத்தில் ரோஜர் லிண்ட்விக் என்பவர் துணை இயக்குநராக வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைப்பவர். கவுண்டரில் மூன்று தகரப் பெட்டிகளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இது என்ன, பேக்கரியா?"

"ஆளுங்களோட முகவரிங்க."

"இதுக்கெல்லாம் ஒரு மென்பொருள் வாங்கப் போறோம். பெயரைத் தட்டினா முகவரி வந்துடும். உங்களை மார்ச் மாசம் அடையாள அட்டைக் கவுண்டருக்கு மாத்திடலாம்னு இருக்கேன். அங்க போட்டோ எடுத்து லேமினேட் பண்ணணும், அவ்வளவுதான். கஷ்டமில்லாத வேலை."

"எப்ப வருது அந்த மென்பொருள்?"

"வரும்."

எங்கள் பக்கத்து ஆட்கள் கோபத்தை வாயால் காட்டுவதில்லை. அன்று ஆர்லிஸ் காபிக் கோப்பையைக் கழுவிய வேகத்தில் பிடி உடைந்து வந்துவிட்டது.

அந்த ஜனவரியில்தான் மைலோ பிராட்லண்ட் வந்தார். கல்லூரியின் கோதுமை விஞ்ஞானி, அறுபத்தொரு வயது. வெளியே மைனஸ் முப்பது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் கவுண்டர் முன்னால் நின்றார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் விதை அறைக்கு மேலே ஓடிய வெந்நீர்க் குழாய் வெடித்திருந்தது. கட்டடத்தில் ஆள் இல்லை. ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது ஓர் அலமாரியில் இருந்த விதையெல்லாம் நனைந்து, முளைத்து, பூஞ்சை பிடித்துக் கிடந்தது. மற்றவை எங்கேயாவது கிடைக்கும். எழுபத்தெட்டு-பதினான்கு என்று எண் போட்ட கோதுமை மட்டும் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. இலைத் துரு நோய் தொடாத வகை. பத்து வருட உழைப்பு அதன் மேல்தான் நின்றது.

"வேற யார்கிட்டயுமே இல்லையா டாக்டர்?" என்றாள் ஆர்லிஸ்.

"ஒருத்தர்கிட்ட இருக்கலாம். அந்த ஒட்டு ரகத்தை என்கூடச் சேர்ந்து உண்டாக்கினவரு. ஓமார்னு பேரு, உருகுவே நாட்டுக்காரர். எழுபத்தொம்பதுல இங்கேருந்து கிளம்பும்போது ஒரு உறை விதை எடுத்துட்டுப் போனாரு. அப்ப அவங்க நாட்டுல ராணுவ ஆட்சி. ஊருக்குத் திரும்பினா ஜெயில்தான்னு பேசிக்கிட்டாங்க. அவங்க தலைநகர் மான்டிவிடியோவுக்கு மூணு தடவை எழுதினேன், மூணும் திரும்பிடுச்சு. ஐரோப்பாவுல எங்கேயோ இருக்கறதா யாரோ சொன்னாங்க. எந்த நாடுன்னு தெரியாது. உசிரோட இருக்காரான்னும் தெரியாது."

"விதை எப்ப வேணும்?"

"ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள கண்ணாடி வீட்டுல ஊனியாகணும். இல்லேன்னா இந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம்…" அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும்.

ஆர்லிஸ் ஒரு வெற்று அட்டையை அவர் பக்கம் தள்ளினாள். "முழுப் பேரையும் எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் அதைப் பார்த்துவிட்டு, "இது நீங்க எழுதற மாதிரி. அவரே அவர் கையால எழுதினது ஏதாவது இருக்கா?" என்றாள்.

மறுநாள் அவர் பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்றைக் கொண்டுவந்தார். எச்சவெர்ரி என்ற பெயரில் மைலோ இரண்டு எழுத்தை விழுங்கியிருந்தார். பத்து வருடமாக அவர் அந்தப் பெயரைத் தப்பாகவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

சரியான பெயரோடு ஆர்லிஸ் வேலையைத் தொடங்கினாள். ஐரோப்பாவில் விவசாயம் சொல்லித்தரும் ஊர்களின் பட்டியலை நூலகத்திலிருந்து எடுத்தாள். 'கேக்' பிரிவைப் புரட்டி முப்பத்தொரு போஸ்ட்மாஸ்டர்களுக்கு எழுதினாள். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆம்ஸ்டர்டாமில் இல்லை. வியன்னாவில் இல்லை. உப்சாலாவிலிருந்து பிர்கிட்டா என்ற பெண், "அந்தக் குடும்பப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லை, மன்னிக்கவும், இங்கேயும் பனிதான்" என்று எழுதியிருந்தாள். ஓர் ஊரின் போஸ்ட்மாஸ்டர் மட்டும் எரிந்து விழுந்தார். "என் நேரத்தை வீணடிக்காதீர்கள். நான் தொலைபேசிப் புத்தகம் இல்லை." அதோடு விடாமல் எங்கள் துணை இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டார்.

லிண்ட்விக் அந்தத் தாளோடு வந்தார். "ஒரே ஒரு ஆளுக்காக முப்பது ஊரைத் தொந்தரவு பண்ணியிருக்கீங்க. இனிமே போஸ்ட்மாஸ்டர்களுக்கு எழுதக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க."

"அதான் எல்லாரும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே. விட்டுடுங்க."

அன்று மதியம் சாப்பிடும்போது ஆர்லிஸ் முட்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்கேன் வெர்னா. ஓமார் எங்க வேலை பாக்கறாருன்னு கேக்கறேன். ஓமார் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்கே தெரியாதே."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி நேரத்தில் அவள் மைலோவின் மனைவி கார்லினைப் பிடித்தாள். நான் பக்கத்தில் எலுமிச்சைக் கேக்கோடு நின்றுகொண்டிருந்தேன்.

"கார்லின், உங்க வீட்டுக்கு ஓமார் சாப்பிட வருவாரில்ல? கோதுமையப் பத்திப் பேசாதப்ப என்ன செய்வாரு?"

"கோதுமையப் பத்திப் பேசாதப்ப செஸ்ஸைப் பத்திப் பேசுவாரு!" கார்லின் சிரித்துவிட்டாள். "தபால்லயே விளையாடுவாரும்மா. ஒரு கார்டுல ஒரு நகர்த்தல். ஒரு ஆட்டம் ரெண்டு வருஷம் ஓடும். ஸ்காட்லாந்துல ஒருத்தரு, இத்தாலியில ஒருத்தரு… அப்ப என் ஃப்ரிட்ஜ் கதவு பூரா அவருக்கு வந்த கார்டுதான். நம்ம பாஸ்டரை ஒம்பதே நகர்த்தல்ல தோக்கடிச்சாரே, ஞாபகமில்ல?"

"அது எட்டு" என்றார் பின்னாலிருந்து பாஸ்டர், சோகமாக.

திங்கட்கிழமை காலை ஆர்லிஸ் என் கிடங்குக்குள் ஏறக்குறைய ஓடிவந்தாள். வலையமைப்பில் செய்திக் குழுக்கள் என்று இருந்தன. உலகமெங்கும் கணினி வைத்திருந்தவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் பற்றி எழுதி ஒட்டும் பலகைகள். செஸ்ஸுக்கும் ஒன்று இருந்தது. போஸ்ட்மாஸ்டர்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் உத்தரவு. பலகையில் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அவளுக்குச் சதுரங்கத்தில் ராஜா எது, ராணி எது என்றே தெரியாது. ஆனால் எழுதினாள்: வட டகோட்டாவில் பனி மூன்றடி. உருகுவே நாட்டைச் சேர்ந்த, தபாலில் சதுரங்கம் ஆடும், கோதுமையை நேசிக்கும் ஓமார் என்பவரைத் தேடுகிறோம். 1979-ல் எங்கள் பாதிரியாரை எட்டு நகர்த்தலில் தோற்கடித்தவர். நண்பர் ஒருவர் அவருக்காகக் காத்திருக்கிறார். நன்றி.

மூன்று நாள் ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் மட்டும் அந்த எட்டு நகர்த்தலை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார். நாலாம் நாள் எடின்பரோவிலிருந்து ஃபெர்கஸ் என்பவரின் கடிதம் வந்தது. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் மெக்கின்டயர், கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாக ஒருவரோடு தபாலில் ஆடுகிறார். கார்டில் கையெழுத்து வெறும் 'ஓமார்'. முதலில் அமெரிக்க முத்திரை. இப்போது சில வருடமாக ஸ்வீடன் முத்திரை, உப்சாலா.

"உப்சாலா!" என்றேன். "அங்கதான் கேட்டியே, இல்லன்னுட்டாளே அந்தப் பொண்ணு."

ஆர்லிஸ் பெட்டியைத் திறந்து பிர்கிட்டாவின் அட்டையை எடுத்தாள். "அவ பொய் சொல்லல. என்ன சொன்னா? 'அந்தக் குடும்பப் பெயரில்' யாரும் இல்லைன்னுதான் சொன்னா. குடும்பப் பேரு மாறியிருந்தா?"

"ஆம்பளைக்கு எதுக்குடி பேரு மாறப் போகுது?"

"ஏன், மாறக் கூடாதா?"

ஃபிங்கர் என்று ஒரு கட்டளை இருந்தது. தூரத்துக் கணினியின் பெயரோடு ஓர் ஆளின் பெயரைச் சேர்த்துத் தட்டினால், அந்த ஆள் அங்கே இருக்கிறாரா, கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று அந்தக் கணினியே சொல்லும். முதற்பெயரை மட்டும் கொடுத்தாலும் போதும், அந்தப் பெயர் கொண்ட எல்லோரையும் காட்டும். ஸ்வீடனுக்கு நேரடி இணைப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு முன்னால் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆர்லிஸ் 'ஓமார்' என்று மட்டும் தட்டினாள். திரை ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு வரி வரியாக எழுந்தது.

பெயர்: ஓமார் எக்கெலுண்ட். துறை: பயிர்ப் புள்ளியியல். நிலை: இப்போது உள்ளே இருக்கிறார்.

அதற்குக் கீழே, தன்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதி வைக்க ஓர் இடம் உண்டு. அந்த மனிதர் அங்கே எழுதியிருந்தது இதுதான்: "மெக்கின்டயர், எடின்பரோ. இருபத்து மூன்றாவது நகர்த்தல் அனுப்பியாயிற்று. பதிலுக்குக் காத்திருக்கிறேன்."

நான் கத்திவிட்டேன். கவுண்டரில் கடவுச்சொல் வாங்க நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்லிஸ் கத்தவில்லை. அவள் கைகள் ஏற்கெனவே விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. நாலே வரி: மைலோ உங்களைத் தேடுகிறார். எழுபத்தெட்டு-பதினான்கு அழிந்துவிட்டது. உங்களிடம் இருக்கிறதா? இங்கே காலை ஒன்பதரை, மைனஸ் இருபத்தெட்டு.

பதினான்கு நிமிடத்தில் பதில் வந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

"போஸ்ட்மாஸ்டர் அம்மையாருக்கு, நான்தான் அந்த ஓமார். இங்கே மணந்துகொண்டேன், இந்நாட்டில் என் பெயரை யாராலும் எழுத முடியாததால் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டேன். விடைபெறாமல் வந்துவிட்டேன் என்று மைலோவுக்கு என் மேல் கோபம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். விதை இருக்கிறது. காபி டப்பாவில் போட்டு, விதைக் கிடங்கின் குளிர் அறையில் வைத்திருக்கிறேன். எனக்கு நாடு இல்லாமல் போன வருடத்தில் என் பெட்டியில் இருந்த ஒரே நல்ல பொருள் அது. தூக்கிப் போட மனம் வரவில்லை. பாதிரியார் நலமா?"

ஆர்லிஸ் கோட்டைக்கூட மாட்டாமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு விதைக் கட்டடத்துக்கு நடந்தாள். மைனஸ் இருபத்தெட்டில், ஸ்வெட்டரோடு. நான் கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். மைலோ அதை நின்றபடியே படித்தார். இரண்டாம் தடவை உட்கார்ந்து படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"கோவமா? நானா? அந்த மடையன் பத்து வருஷமா அப்படியா நெனச்சுக்கிட்டு இருந்தான்?" என்றார்.

பயிர் நலச் சான்றிதழோடு விதை மார்ச் பத்தாம் தேதி வந்து சேர்ந்தது. ஈரத் தாளில் அறுபது விதை வைத்தார்கள். பத்து வருடப் பழைய விதை. இருபது முளைத்தால் போதும் என்றார் மைலோ. நாற்பத்தேழு முளைத்தது.

அந்த வாரம்தான் கணினி மையத்தின் இடமாற்றங்களைப் பற்றிய கூட்டம். அந்த மென்பொருள் வருவது தள்ளிப்போனதால், மார்ச் முதலில் நடக்க வேண்டிய மாற்றமும் அதுவரை தள்ளிப்போயிருந்தது. கல்லூரி முதல்வர் உட்கார்ந்திருந்தார். லிண்ட்விக் தன் தாளிலிருந்து ஆர்லிஸின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மைலோ, சேறு அப்பிய காலணியோடு, இரண்டு கையிலும் ஒரு தட்டு நாற்றைத் தாங்கிக்கொண்டு நுழைந்தார். அதை நேராக மேஜை நடுவில், எல்லோர் தாள்களின் மேலும் வைத்தார். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களுக்கும் அந்தப் பச்சை வாசனை வந்தது.

"போன மாசம் இது உலகத்துல எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஆர்லிஸ் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க. அவங்களைப் போட்டோ எடுக்க அனுப்பறீங்களாமே? அந்த மென்பொருளைக் கூப்பிடுங்க. ஓமார்னு தட்டிக் காட்டச் சொல்லுங்க, நானும் பாக்கறேன்."

முதல்வர் ஒரு நாற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு லிண்ட்விக் பக்கம் திரும்பினார். "மென்பொருள் எப்ப வருது ரோஜர்?"

"…வரும்ங்க."

"வரட்டும். வந்தப்புறம் பேசலாம்."

லிண்ட்விக்கைப் பற்றி இதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் அவரே கவுண்டருக்கு வந்தார். "எனக்கு அந்தப் பெட்டி புரியல ஆர்லிஸ். மன்னிச்சிடுங்க" என்றார். எங்கள் ஊரில் ஓர் அதிகாரி வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. ஆர்லிஸ் அவரை உட்கார வைத்து, எந்த அட்டை எங்கே இருக்கிறது என்று ஒரு மணி நேரம் காட்டினாள். ஜூன் மாதம் அவளுடைய பதவியின் பெயர் மாறியது. கதவில் 'போஸ்ட்மாஸ்டர்' என்று பலகை மாட்டினார்கள். சம்பளமும் உயர்ந்தது. தான் தொலைபேசிப் புத்தகம் இல்லை என்று எரிந்து விழுந்த அந்தப் போஸ்ட்மாஸ்டரும் ஒருநாள் எழுதினார், பெருவில் ஒருவரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று. இரண்டே நாளில் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

ஜூலையில் வயல் நாள். விவசாயிகளை வைக்கோல் வண்டியில் ஏற்றி ஒவ்வொரு பாத்தியாகக் காட்டிக்கொண்டு போவார்கள். அந்த வருடம் ஓமார் வந்திருந்தார்; ஒல்லியான மனிதர், வெள்ளைத் தாடி. கண்ணாடி வீட்டிலிருந்து வயலுக்கு மாற்றி நட்ட எழுபத்தெட்டு-பதினான்கு நின்ற பாத்தி முன்னால் வண்டி நின்றது. பக்கத்துப் பாத்தியெல்லாம் துரு ஏறிப் பழுப்பாகக் கிடக்க, அது மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. ஓமார் இறங்கிப் போய் அதற்குள் முழங்காலளவில் நின்றார். மைலோ அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு மைலோ வண்டியைப் பார்த்துக் கத்தினார். "ஆர்லிஸ், எழுந்திருங்க! எல்லாரும் பாருங்க, இவங்கதான்!"

ஆர்லிஸ் எழுந்து நின்றாள். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. ஐம்பது விவசாயிகளும் தொப்பியைக் கழற்றிக் கை தட்டினார்கள்.

"ஏம்மா ஆர்லிஸ், என் மச்சினன் என் ரம்பத்தை எடுத்துட்டுப் போயி இருபது வருஷமாச்சு, அவனையும் தேடித் தர்றியா?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"அவன் பக்கத்துத் தெருவுலதான்டா இருக்கான்!" என்றார் இன்னொருவர். வண்டியே குலுங்கிச் சிரித்தது.

"ஏதாவது சொல்லும்மா" என்று கணவன் ஓரின் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

அவள் வயலைப் பார்த்தாள், ஓமாரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். எங்கள் ஊரில் ஒரு பெண் தன்னைத் தானே எவ்வளவு புகழ்ந்துகொள்ள முடியுமோ அவ்வளவையும் புகழ்ந்துகொண்டாள்.

"பரவாயில்ல" என்றாள். "நல்லாத்தான் வந்திருக்கு."